வீட்டுச் சமையலறையிலிருந்து தொழில் தொடங்க

மயிலாப்பூரிலோ பெரம்பூரிலோ வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்க எண்ணும் பெண்கள், கடன் கேட்பதற்கு முன் ஒரு மாதம் கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும். உளுந்து, மிளகாய் வற்றல், எரிவாயு, அரைவைக் கூலி, ஆட்டோ செலவு ஆகியவற்றுடன், பலரும் விட்டுவிடுகிற தம் சொந்த உழைப்புக்கான கூலியையும் சேர்த்த பிறகே விலை வைக்க வேண்டும். வறுத்த பருப்பு நன்றாக ஆறிய பின்பே அரைக்க வேண்டும். சூடு இருந்தால் பொட்டலத்தின் உட்புறம் வியர்த்துப் பொடி கட்டி தட்டிவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது.

சிறு தொழில்களை மத்திய அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இடைத்தரகருக்குப் பணம் தராதீர்கள். சிறு தொழில்களுக்குக் கடன் தர மத்திய அரசு 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில், மிகச் சிறிய கடன்களுக்கான சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெறலாம். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் கணக்கில் சேரும் வரவு, நாளை நீங்கள் பெரிய கடன் கேட்கும்போது உங்கள் உழைப்புக்குச் சான்றாக நிற்காது.