இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள்?

மழை தொடங்கிவிட்டால் பொங்கல் வரை தமிழ்நாட்டில் எந்த கிளினிக்கிலும் காய்ச்சல் கூட்டம்தான். டெங்கு, டைபாய்டு, எலிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் எல்லாமே முதல் சில நாள்கள் ஒன்றுபோலத்தான் இருக்கும்: காய்ச்சல், தலைவலி, அடித்துப் போட்டதுபோல் உடம்பு வலி. இதில் நடக்கும் தவறுகளில் பல, நாள் கணக்கைச் சரியாகக் கேட்காததில்தான் தொடங்குகின்றன. "மூணு நாளா காய்ச்சல்" என்று நோயாளி சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். முதல் குளிர் என்றைக்கு வந்தது, நடுவில் மாத்திரை போட்டதும் விட்டு, மறுபடி வந்ததா என்று கேட்டால் மூன்று ஐந்தாகிவிடும்.

இரண்டாம் நாளே டைபாய்டுக்கான விடால் ரத்தப் பரிசோதனை எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். 1896-இல் வந்த பரிசோதனை அது. டைபாய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் கூடுவதற்கே ஒரு வாரம் போல ஆகும். முன்பு எப்போதோ கிருமி உள்ளே போயிருந்தால் இன்றும் பாசிட்டிவ் காட்டலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று முத்திரை குத்திவிட்டால், வேறு எதையும் தேடாமல் விட்டுவிடுவோம். டைபாய்டைச் சந்தேகித்தால் முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர்தான் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கைகொடுக்கும். அதுவும் ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. 2 மில்லி அனுப்பிவிட்டு "ஒன்றும் வளரவில்லை" என்றால் எப்படி வளரும்?

டெங்குவிலும் இதே கதை. ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, முதல் 5 நாள்களுக்கான பரிசோதனை. அதற்குப் பிறகு ஐஜிஎம் என்கிற எதிர்ப்பொருளைத்தான் பார்க்க வேண்டும். இதைவிட ஆபத்தான தவறு, காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, கை கால் சில்லிடுவது, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவது, இவைதான் எச்சரிக்கை. ஆனால் வீட்டார் கேட்பது ஒன்றே ஒன்று: "பிளேட்லெட் எவ்வளவு, டாக்டர்?" ரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் பலனில்லை. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

இனி ஸ்க்ரப் டைபஸ். கண்ணில் படாத அளவுக்குச் சின்னப் பூச்சியின் இளம்புழு கடித்து வருவது. புதரோரம் ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், வெளியே ஒதுங்குபவர் என்று யாரையும் கடிக்கலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. அதனால் நோயாளிக்கே தெரியாது. நாம்தான் தேட வேண்டும்: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, காதுக்குப் பின்னால், விதைப்பையில். ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து வெறும் ஆழமில்லாத புண்ணாக இருக்கும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பகுதியை டார்ச் அடித்து இன்னொரு தடவை பாருங்கள். கூட்டத்துக்கு நடுவே சட்டையைக்கூடத் தூக்காமல் மருந்து எழுதி அனுப்பினால் இது எப்படிக் கிடைக்கும்? ஒரு திரையும், பெண் நோயாளிக்குத் துணையாக ஒரு நர்ஸும் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஐஜிஎம்மும் முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை தொடங்கிவிட வேண்டும், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். குழந்தைக்குப் பல் கறையாகும் என்ற பழைய பயம் ஒரு வாரம் தரும் டாக்ஸிசைக்ளினுக்குப் பொருந்தாது. வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக் ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாது. அது வேலை செய்யவில்லை என்று இன்னும் வலுவான மெரோபெனத்துக்குத் தாவினால் பில்தான் ஏறும், காய்ச்சல் இறங்காது. சரியான மருந்து விழுந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். விடவில்லை என்றால் நோயையே மறுபடி யோசிக்க வேண்டும். டைபாய்டு என்று அசித்ரோமைசின் கொடுத்துக் குணமானவர்களில் சிலருக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸாகவே இருந்திருக்கலாம்!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு வருபவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் லெவோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் எழுதுவது இன்னொரு தவறு. வந்திருப்பது காசநோயாக இருந்தால் அந்த மருந்தில் கொஞ்ச நாள் அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

கடைசியாக, பலர் கோட்டைவிடுகிற மெலியாய்டோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. சர்க்கரை நோயாளி, மழைக்காலம், காய்ச்சல், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி. கல்ச்சரில் வளர்ந்ததை லேப் வெறும் 'சூடோமோனாஸ் வகை' என்று எழுதும். அதை வெளியிலிருந்து கலந்த கிருமி என்று ஒதுக்கிவிடுவோம். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் ஆக்மென்டினுக்கு அடங்குகிறது என்று ரிப்போர்ட் வந்தால் லேபுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியாகப் போக வேண்டும். அப்புறம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.