நோய்க் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

ரத்த அழுத்தம் குறித்த களப் பதிவேடு ஒன்றைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். 120/80, 130/80, 140/90, 110/70. பக்கங்களைப் புரட்டப் புரட்ட, எல்லா எண்களும் சுழியத்திலேயே முடிந்தன. இரண்டிரண்டாகக் கோடிட்ட பாதரசக் கருவியில் அளந்தால் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தும் கிட்டத்தட்டச் சம அளவில் வர வேண்டும். ஐந்தில் ஒன்று மட்டுமே சுழியத்தில் முடிய வேண்டிய இடத்தில் எல்லாமே அப்படி முடிந்தால், அளந்தவர் கோட்டைப் பார்க்காமல் தோராயமாக எழுதியிருக்கிறார் என்று பொருள். பாதகமில்லாத பழக்கமாகத் தோன்றும். ஆனால் உயர் ரத்த அழுத்தம் என்பதற்குப் பல ஆய்வுகள் மேல் எண்ணுக்கு வைத்திருக்கும் எல்லையே 140தான். 138 உள்ளவரை 140 என்று எழுதினால் நோயில்லாத ஒருவர் நோயாளி ஆகிவிடுகிறார். இப்படி நூறு பேரை எழுதினால் அந்தப் பகுதியின் கணக்கே மாறிவிடும்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். புள்ளியியல் மென்பொருளைக் கற்கப் பல மாதங்கள் செலவிடுகிறீர்கள். அளவெடுக்கக் கற்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். ரத்த அழுத்தம் அளக்கும் முன், அளக்கப்படுபவர் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் ஊன்றியும், கை இதயத்தின் மட்டத்திலும் இருக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும் அப்படியே. ஒரு முறை அளந்து முடித்துவிடாமல், இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் அளக்க வேண்டும். களத்தில் பிழையாகப் பிறந்த எண்ணை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

அடுத்த தவறு, கண்ணில் பட்டவர்களை மட்டும் எண்ணுவது. பகலில் வீடு வீடாகப் போனால் முதியவர்களும் வீட்டில் இருப்பவர்களும்தான் கிடைப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் விடுபடுவார்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வது மிகச் சுலபம். மிகப் பெரிய தவறும் அதுதான். மாலையிலும் விடுமுறை நாளிலும் திரும்பப் போய்ப் பாருங்கள். பிறகும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர், என்ன வயதினர் என்று எழுதி வையுங்கள். புகைப்பழக்கத்தின் தீங்கை நிறுவுவதற்காக 1951இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார்கள். பதில் எழுதியவர்களின் இறப்பு வீதம் தொடக்க ஆண்டுகளில் மருத்துவர்கள் அனைவரின் வீதத்தைவிடக் குறைவாக இருந்தது. ஏற்கெனவே நோயில் படுத்தவர் கேள்வித்தாளை நிரப்பி அனுப்ப மாட்டார் அல்லவா? டாலும் ஹில்லும் இதை மறைக்காமல் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த ஆய்வின் மீதுள்ள நம்பிக்கைக்கு இந்த நேர்மையும் ஒரு காரணம்.

ஆய்வுக்கு உரியவர்களை மருத்துவமனையில் மட்டும் தேர்ந்தெடுப்பதும் இதே வகைதான். ஒரு நோய் உள்ளவரைவிட இரண்டு நோய் உள்ளவர் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு அதிகம். அதனால் தொடர்பே இல்லாத இரண்டு நோய்கள் அங்கே கைகோத்து நிற்பதுபோல் தெரியும். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1946லேயே இதை விளக்கிவிட்டார். இன்றும் ஆய்வேடுகளில் இந்தத் தவறைப் பார்க்கிறேன்.

"உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா?" என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதிக்கொள்வதும் ஆபத்தானது. 'இல்லை' என்பவர்களில் பலர் ஒருமுறைகூட ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பரிசோதனை வசதி உள்ள ஊர் நோய் மிகுந்த ஊராகவும், வசதியே இல்லாத ஊர் ஆரோக்கியமான ஊராகவும் தாளில் மாறிவிடும். உதவி மிகவும் தேவைப்படும் இடத்துக்கு உதவி போகாமல் போவது இப்படித்தான்.

தொற்று நோயில் தவறு பெரும்பாலும் பின்னத்தின் பகுதியில், அதாவது எதால் வகுக்கிறோமோ அந்தக் கீழ் எண்ணில், நேர்கிறது. 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது, இறந்தவர்களின் எண்ணிக்கையை அதுவரை பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். ஏறக்குறைய 4 சதவீதம் என்று வந்தது. ஆனால் அந்த நோயாளிகளில் பலர் அப்போது படுக்கையில்தான் இருந்தார்கள். முடிவு தெரியாதவர்களைப் பிழைத்தவர்களாக எண்ணிவிட்ட கணக்கு அது. கடைசியில் 8,096 பேரில் 774 பேர் இறந்திருந்தார்கள். கிட்டத்தட்ட 10 சதவீதம். எதிர்த்திசையிலும் பிழை வரும். லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே குணமானவர்கள் அந்தக் கீழ் எண்ணில் சேராவிட்டால், நோய் உண்மையைவிடக் கொடியதாகத் தெரியும்.

நோயோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடினால் நிலைமை மோசமாகிவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். 1996க்குப் பிறகு கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் எச்.ஐ.வி.யோடு நீண்ட காலம் வாழ்பவர்கள் பெருகினார்கள். அவர்கள் சாகாமல் இருந்ததால் கூடிய எண்ணிக்கை அது. புதிதாகத் தொற்றியவர்களைத் தனியாக எண்ணினால்தான் பரவல் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

முடிவை வெளியே சொல்லும்போது நேரும் தவறு உயிரோடு விளையாடும். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் கட்டி ஏற்படும் ஆபத்து இரு மடங்காகும் என்று எச்சரிக்கை வெளியானது. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆகும் என்பதே அதன் பொருள். 'இரு மடங்கு' என்ற சொல் மட்டும் பரவியது. பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். விரும்பாத கருத்தரிப்புகளும் கருக்கலைப்புகளும் கூடின. எத்தனை மடங்கு என்று எழுதும் ஒவ்வொரு முறையும், எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

தொற்று நோய் ஒரு துறை, தொற்றா நோய் இன்னொரு துறை என்று பிரித்துவைத்திருக்கிறோம். நிர்வாகத்துக்கு அது வசதி. உடலுக்கு அந்தச் சுவர் தெரியாது. மன உளைச்சலாலும் காரத்தாலும் வருவதாக நம்பப்பட்ட வயிற்றுப்புண்ணில் பெரும்பங்குக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே காரணம் என்று பேரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் மனித பாப்பிலோமா வைரஸ் இருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். காசநோய் ஆய்வில் சர்க்கரை அளவைப் பார்க்காமல் விடுவது, கையில் இருக்கும் விடையைத் தூக்கி எறிவதுபோல.

நான் மன்னிக்கவே முடியாத தவறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டே இருந்தது. பென்சிலின் அந்த நோயைக் குணமாக்கும் என்று 1940களிலேயே தெரிந்த பிறகும் தரவில்லை. இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒருவரின் ரத்த அழுத்தம் 190 என்று பார்த்து, குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் எழுதும்போதே மூன்று வரிகளைச் சேர்த்துவிடுங்கள்: எந்த அளவைத் தாண்டினால் அவரிடம் உடனே சொல்வது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் விசாரிக்கப்போவது யார். நெறிமுறைக் குழு கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.