பெர்க்ல ஜப்பான் பிள்ளைங்களோட ஒரு வாரம் ஸ்கவுட் கேம்ப், எப்படி நடத்துறது

டிசம்பர் லீவுல நம்ம ட்ரூப்போட ஜப்பான் ஸ்டூடண்ட்ஸும் சேர்ந்து இங்க தென்னாப்பிரிக்காவுல டிராகன்ஸ்பெர்க் மலைல, அதான் நம்ம பெர்க்ல, ஒரு வாரம் தங்கப் போறாங்கன்னா, முதல்ல பேட்ரோல் (ட்ரூப்புக்குள்ள இருக்கற சின்னக் குழு) லிஸ்டை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க. ஆறு பேர் பேட்ரோல்னா அவங்க ரெண்டு பேர், நம்ம பிள்ளைங்க நாலு பேர், சமையல், விறகு, பாத்திரம் கழுவறது எல்லாம் ஒரே டர்ன். அவங்களைத் தனியா வரிசையா உக்கார வெச்சு, ஒரு நாள் ராத்திரி மட்டும் கல்ச்சுரல் நைட்னு டான்ஸ் ஆடிக் காட்டினா ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டு கிளம்பிடுவாங்க, பழக்கம் வராது. சேர்ந்து வெங்காயம் உரிச்சாத்தான் பேச்சு வரும், இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

அடுத்தது தூக்கம். ஜப்பான் நம்மளவிட 7 மணி நேரம் முன்னாடி, நமக்கு சாயங்காலம் 7 மணின்னா அவங்க உடம்புக்கு ராத்திரி 2 மணி, அதுக்கு மேல நேரடி பிளைட்டும் கிடையாது, எங்கேயாவது மாறித்தான் வரணும். அதனால முதல் ரெண்டு ராத்திரி கேம்ப் பயர் வேண்டவே வேண்டாம், 6 மணிக்கு சாப்பாடு போட்டு படுக்க விட்டுடுங்க. விடியக்காலை 3 மணிக்கெல்லாம் முழிச்சு உக்காந்திருப்பாங்க, அப்போ ஒரு லீடர் கூட இருந்து வெளிய கூட்டிட்டு வந்து சதர்ன் கிராஸ் நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுங்க, டோக்கியோ ஒசாக்கா பக்கம் இருக்கறவங்களுக்கு ஊர்ல இருந்து அது தெரியவே தெரியாது. ஒரியனை அவங்க நல்லா பாத்திருப்பாங்க, ஆனா இங்க அது தலைகீழா நிக்கும், அதையும் முன்ராத்திரி ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க.

சீக்கிரம் முழிக்கிறது நமக்கு வசதிதான், ஏன்னா டிசம்பர்ல பெர்க்ல மதியத்துக்கு மேல இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் வரும். 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துடுது, ஹைக்கை அப்பவே ஆரம்பிச்சு 12 மணிக்குள்ள கீழ இறங்கிடணும். மின்னல் அடிச்சு 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா மேட்டுல நிக்கக் கூடாது, தனி மரத்துக்கு அடியிலயும் கூடாது, கட்டடத்துக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ போயிடணும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் வெளிய வரணும், டென்ட் இதுக்கெல்லாம் பாதுகாப்பு இல்ல. இதை வாயால மட்டும் சொல்லாம முதல் நாளே எல்லாரையும் ஓட வெச்சு ஒரு ட்ரில் பண்ணிடுங்க, அப்போ பாஷை தெரியாட்டியும் ஞாபகம் இருக்கும். அவங்க குளிர்காலத்துல இருந்து நேரா இந்த வெயிலுக்கு வர்றாங்க, தொப்பியும் சன்ஸ்க்ரீனும் கட்டாயம். எங்க போறதுன்னு கேட்டா நான் கம்பெர்க்ல கேம் பாஸ் ஷெல்டரைத்தான் சொல்வேன், சான் மக்கள் வரைஞ்ச பாறை ஓவியம், கைடோடதான் போக முடியும், ஓவியத்தைத் தொடக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வையுங்க.

சின்னச் சின்ன விஷயம் சிலது இருக்கு. டென்ட் வாசல்ல ஷூவைக் கழட்டி வரிசையா வெளிய வைப்பாங்க, நல்ல பழக்கம்தான், ஆனா தேளும் சிலந்தியும் ஏறிடும், ஒரு பைல போட்டு உள்ள வைக்கச் சொல்லுங்க, காலைல உதறிட்டுத்தான் போடணும். அவங்க ஊர்ல கரண்ட் 100 வோல்ட், இங்க 230, போன் சார்ஜர்ல 100-240ன்னு போட்டிருந்தா பரவாயில்ல, ஹேர் ட்ரையர் மாதிரி எதையும் சொருக விடாதீங்க. ராத்திரி வெந்நீர்ல குளிச்சுப் பழகினவங்க, டாங்கி பாய்லர்ல (விறகு போட்டுத் தண்ணி சுட வைக்கிறது) சாயங்காலமே நெருப்பு போட்டு வெச்சா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. அப்புறம் "ஓகேவா"ன்னு கேட்டா நிறைய பேர் ஓகேன்னுதான் சொல்வாங்க, அதனால "தலை வலிக்குதா, தண்ணி எத்தனை பாட்டில் குடிச்சே"ன்னு குறிப்பா கேளுங்க.

இப்போ சாப்பாடு. ஜப்பான்ல ஸ்கூல் கேம்ப்னாலே கறியும் (கறிப்பொடி போட்ட கெட்டிக் குழம்பு) சோறும்தான், பிள்ளைங்களே விறகு மூட்டி சமைப்பாங்க, இதைவிட நமக்கு வேற என்ன வேணும்! ஒரு நாள் மத்தியானம் பொட்ஜி பானை (நெருப்புல வைக்கிற இரும்புப் பானை) ரெண்டு வெச்சு ஒண்ணுல அவங்க கறி, ஒண்ணுல நம்ம டர்பன் கறி, ரெண்டையும் கலந்த பேட்ரோல்தான் சமைக்கணும். அவங்க கறிக்கு கட்டி கட்டியா ரூ (குழம்பைக் கெட்டியாக்குற மசாலாக் கட்டி) கொண்டு வருவாங்க, நிறைய பிராண்டுல மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும், நம்ம பிள்ளைங்கள்ல மாடு சாப்பிடாதவங்களும் ஹலால் மட்டும் சாப்பிடறவங்களும் இருக்காங்க, அதனால மைதாவை எண்ணெய்ல பொன்னிறமா வறுத்து கறிப்பொடி போட்டு அங்கேயே ரூ செஞ்சுடுங்க, உருளைக்கிழங்கு கேரட் வெங்காயம் வெந்ததும் கரைச்சு ஊத்தினா கெட்டியா வந்துடும். நம்ம பானைல மசாலாவைப் பாதியாக் குறைங்க, காரம் வேணுங்கறவங்களுக்கு ஊறுகாய் இருக்கு. சோத்தை அவங்க வடிக்க மாட்டாங்க, அரிசியை அரை மணி நேரம் ஊற வெச்சு அளவாத் தண்ணி ஊத்தி மூடியைத் திறக்காமலே வேக வைப்பாங்க, 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதனால டர்பன்ல வேகறதைவிட கூட நேரம் விடணும். சமைச்சதும் மிச்சத்தைப் பூட்டி வையுங்க, பபூன் குரங்கு வந்துடும்.

விளையாட்டுக்கு நான் தேடவே சொல்ல மாட்டேன், தர்பூசணி ஒண்ணு வாங்குங்க. கண்ணைக் கட்டி, சுத்தி விட்டு, கம்பால தர்பூசணியை அடிச்சு உடைக்கிற விளையாட்டு அங்க கோடை காலத்துல ரொம்ப பிரபலம், நம்ம உறியடியைப் பாத்தவங்களுக்கு விளக்கமே வேண்டாம். மிகின்னா வலது, ஹிதாரின்னா இடதுன்னு நம்ம பிள்ளைங்க கத்தட்டும், அவங்க தமிழ்ல கத்தட்டும்.

அவங்க குளிர்கால லீவு கிறிஸ்மஸ்ல ஆரம்பிச்சு ஜனவரி முதல் வாரம் வரைக்கும்தான், அதனால பெரும்பாலும் புத்தாண்டு கேம்புக்குள்ளயே வரும். அது அங்க குடும்பம் சேர்ற நாள், வீட்டை நினைச்சு முகம் வாடும். டிசம்பர் 31 சாயங்காலம் 5 மணி நமக்கு, அங்க அப்போதான் 12 அடிக்கும், அந்த நேரத்தை வேற எதுக்கும் குடுக்காம வீட்டுக்கு வீடியோ கால் போட விடுங்க, சிக்னல் இருக்கற இடத்தை முன்னாடியே பாத்து வையுங்க. அன்னைக்கு அங்க சோபா நூடுல்ஸ் சாப்பிடற வழக்கம், கொண்டு வந்தா செய்யலாம், ஆனா அது பக்வீட்ங்கற ஒரு தானிய மாவுல செய்யறது, சிலருக்கு கடுமையான அலர்ஜி வரும், யாருக்கு அலர்ஜின்னு ஃபாரம்ல எழுதி வாங்கினதைப் பாத்துட்டு செய்யுங்க. ராத்திரி நம்ம 12 மணிக்குத்தான் பெரிய கேம்ப் பயர், அதுக்குள்ள தூக்கமும் சரியாகிடும்.

கிளம்பும்போது அம்மாக்கள் பாசத்துல பில்டாங் (காய வெச்ச இறைச்சி) பாக்கெட் கையில குடுப்பாங்க, குடுக்க விடாதீங்க, இறைச்சியை ஜப்பானுக்குள்ள விட மாட்டாங்க, ஏர்போர்ட்ல எடுத்துடுவாங்க, பழமும் வேண்டாம். ட்ரூப் ஸ்கார்ஃப் ஒண்ணு குடுங்க, பேட்ரோல்ல இருந்த எல்லாரும் அதுல அவங்கவங்க பேரை அவங்கவங்க எழுத்துல எழுதட்டும், மார்க்கர் பேனாவை மறக்காம லிஸ்டுல சேர்த்துடுங்க.