இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய எக்ஸ்5-க்கு எந்த ஆயில்?

என் பட்டறை கீழக்கரையில், தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. ஷார்ஜாவில் 14 வருடம் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். என்னிடம் வருகிற பெரிய வண்டிகள் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை. சென்னையிலோ பெங்களூரிலோ ஓடிக் களைத்து, விலை இறங்கிய பிறகு நம் பக்கம் வந்தவை. வாங்கியவர்கள் வந்ததும் கேட்பது இதைத்தான்: "காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனை இப்படிக் கூப்பிடுவார்கள்), எந்த ஆயில் நல்ல ஆயில்?"

உள்ளே இருக்கிற ஆயிலைப் பார்க்காமல் புது ஆயில் வாங்காதீர்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த வண்டி இதுவரை என்ன பாடு பட்டது என்பதை வடித்த ஆயில் சொல்லிவிடும்.

போன பங்குனியில் ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 டீசல் வந்தது. 2009 மாடல், மீட்டரில் 2,18,000. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது ஒரு வெட்டு. முக்கில் மெதுவாகத் திரும்பினால் தரையிலிருந்து ஒரு உதறல். இன்ஜின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் மாற்றியிருக்கிறார்கள், பில் எல்லாம் இருக்கிறது. ஆனால் இன்ஜின் போக அந்த வண்டியில் இன்னும் நான்கு இடத்தில் ஆயில் உண்டு: ஆட்டோ கியர் பாக்ஸ், அதன் பின்னால் விசையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தருகிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவே இருந்து இரு சக்கரத்துக்கும் விசையைத் திருப்பித் தருகிற பல்சக்கரப் பெட்டிகள்). இந்த நான்கையும் பற்றி ஒரு பில்லிலும் ஒரு வரி இல்லை.

காரணம், அந்தக் கியர் பாக்ஸின் அடித்தட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். ஆயுள் முழுவதற்கும் ஊற்றிய ஆயில் என்கிற பொருளில் அதில் எழுதியிருக்கும். அதை நம்பி யாரும் தொடுவதில்லை. ஆனால் அந்தக் கியர் பாக்ஸைச் செய்தது ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி. ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் 8 வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்வது அவர்களேதான். செய்தவன் பேச்சைக் கேளுங்கள்.

வடிப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். இதற்கு நம் கடற்கரையில் விதிவிலக்கே கிடையாது. வடிக்கிற போல்ட்டைத் தொடுமுன், ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் கிரவுன் கூடு அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்துவிட்டால் ஒன்றையொன்று அரித்துக் கவ்விக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் விரலில் உப்புப் பிசுபிசுக்கும் இல்லையா, அதே உப்புதான் அடியிலும் படிகிறது. ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, ஊற்றுகிற போல்ட் வரவில்லை என்றால் வண்டி ரேம்பிலேயே கிடக்கும். முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கி அடித்துவிடுங்கள். காலையில் சுத்தியலால் போல்ட் தலையில் நாலு தட்டு தட்டி, சரியான அளவு ஆலன் சாவியை முழுதாக உள்ளே இறக்கி, நிதானமாகத் திருப்புங்கள். பழைய போல்ட்டையும் வாஷரையும் திரும்பப் போடாதீர்கள்.

நான்கு ஆயிலையும் ஒரே வாளியில் விடக்கூடாது. நான் காலித் தண்ணீர் பாட்டில் நான்கு எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் இடத்தின் பெயரை எழுதி, கொஞ்சம் கொஞ்சம் பிடித்து வெயில் படுகிற ஜன்னலில் வரிசையாக வைப்பேன்.

அன்றைக்குப் பின் கிரவுன் ஆயில் வடிந்தபோது எனக்கே வயிறு கலங்கியது. தேன் நிறத்தில் வரவேண்டியது, பால் அதிகமான டீ மாதிரி வந்தது. சந்தேகமே வேண்டாம் என்று பட்டறையில் வைத்திருக்கிற பழைய தோசைக்கல்லை அடுப்பில் காயவைத்து ஒரு சொட்டு விட்டேன். நல்ல ஆயில் என்றால் சத்தமில்லாமல் பரவிப் புகையும். இது சடசடவென்று பொரிந்து தெறித்தது. உள்ளே தண்ணீர். (கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு மட்டும் விடுங்கள்.)

உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, வாலிநோக்கத்தில் மச்சானுடைய ஃபைபர் வள்ளத்தைக் கரையேற்ற இரண்டு மூன்று முறை இந்த வண்டியைக் கட்டி இழுத்ததைச் சொன்னார். பின்சக்கரம் பாதி கடலில்.

அதில் நடப்பது இதுதான். 60, 70 கிலோமீட்டர் ஓடி வந்த கிரவுன் நன்றாகச் சுட்டிருக்கும். உள்ளே இருக்கிற காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அப்படியே கடல் தண்ணீரில் இறக்கினால் கூடு சட்டென்று குளிர்கிறது, உள்காற்று சுருங்குகிறது, சுருங்கின இடத்துக்கு வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கிறது. காற்றுப் போய் வருவதற்காக மேலே வைத்திருக்கிற சின்ன பிரீதர் வழியாக, அது மண்ணால் அடைத்திருந்தால் ஆயில் சீலின் ஓரம் வழியாக, உறிஞ்சுவது உப்புத் தண்ணீரைத்தான். அதனால் கரையில் வண்டி இறக்கியே ஆகவேண்டும் என்றால் அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். பிரீதரை வருடத்துக்கு ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். சக்கர மையம் வரை கடலில் இறங்கியிருந்தால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் அந்த வாரமே கிரவுன் ஆயிலை வடித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரோடு ஒரு மாதம் நின்றால் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்துவிடும், அதற்குப் பிறகு எந்த ஆயிலும் மருந்தாகாது.

வடிகிற போல்ட்டில் காந்தம் இருந்தால் அதையும் விரலால் வழித்துப் பாருங்கள். கண் மை மாதிரி சாம்பல் பசை இருந்தால் இத்தனை வயது வண்டிக்கு அது இயல்பு. ஊசி ஊசியாக, செதில் செதிலாக விரலில் குத்தினால் ஆயில் வாங்குகிற காசை மிச்சப்படுத்தி, கிரவுனைத் திறக்கச் சொல்லுங்கள்.

கியர் பாக்ஸ் ஆயிலில் பார்க்கவேண்டியது வேறு. கருத்திருந்தால் பயமில்லை. கருகின வாடையும், விரலில் தேய்த்தால் கரிப்பொடியும் வந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த மாதிரி நுரையாக, சிவப்பு ஆயில் என்றால் இளஞ்சிவப்பு நுரையாக வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கூலன்ட் குறைந்தால் வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அந்த உப்பு, கியர் ஆயிலைக் குளிர்விக்கிற கூலரை உள்ளிருந்தே அரித்து ஓட்டை போட்டுவிடுகிறது. தண்ணீர் கலந்தால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கிற காகித லைனிங் கழன்று வந்துவிடும். பாட்டிலில் வருகிற ரெடிமேட் கூலன்ட்டைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

இந்த எக்ஸ்5-இன் கியர் பாக்ஸில் கருகலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் சிவப்பு ஆயில் வந்தது. இந்த 6 கியர் பெட்டிக்கு உரிய இசட்எஃப் ஆயிலான லைஃப்கார்டு 6 சிவப்பே கிடையாது, மஞ்சள் கலந்த பழுப்பு. யாரோ ஒருவர், எங்கே என்று தெரியவில்லை, எல்லா வண்டிக்கும் ஆகும் என்கிற சிவப்பு ஆயிலை மேலே ஊற்றி அளவைச் சரிக்கட்டியிருக்கிறார். வெட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இனி வாங்குவதற்கு வருவோம். ஆயிலின் நிறமும் விலையும் டின்னின் அழகும் எதையும் சொல்லாது. டின்னின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற அங்கீகார எண்தான் பேசும்.

2010 வாக்கில் முகம் மாற்றிய எக்ஸ்5-இல் 8 கியர் பெட்டி வந்துவிட்டது. அதற்கு லைஃப்கார்டு 8, பழைய 6 கியருக்கு லைஃப்கார்டு 6. ஒன்றை மற்றதில் ஊற்றக்கூடாது. மெர்சிடிஸ் எம்எல்-இன் 7 கியர் பெட்டிக்கு 236.14 என்ற எண், அது சிவப்பு. அதன் பிந்தைய வகைக்கு 236.15, அது நீலம். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்காமல் இதில் கை வைக்காதீர்கள். முதல் தலைமுறை ஆடி க்யூ7-இன் 6 கியர் பெட்டி ஜப்பான் ஐசினுடையது, அதற்கு ஜேடபிள்யூஎஸ் 3309 என்று டின்னில் இருக்கவேண்டும். டொயோட்டாவிலும் டி-4 வேறு, டபிள்யூஎஸ் வேறு. இரண்டும் சிவப்பு என்பதால் கடைக்காரர் ஒன்றுக்கு ஒன்றைத் தருவார். டபிள்யூஎஸ் இளகல் அதிகம், அந்தப் பெட்டியின் வால்வெல்லாம் அந்த இளகலுக்குச் செய்தவை.

ட்ரான்ஸ்ஃபர் கேஸில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எக்ஸ்5-இல் அதற்குள்ளே ஆயிலில் ஊறிய கிளட்ச் இருக்கிறது, பல் மட்டும் அல்ல. அங்கே கிரவுன் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் விட்டு விட்டுப் பிடித்து உதறும். டிடிஎஃப்-1 என்று கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் போதும், கொஞ்சம் மிஞ்சும். மாற்றின பிறகு ஸ்கேனரைப் போட்டு, ஆயில் புதிது என்பதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லவேண்டும். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். முன்னால் புதிது, பின்னால் மொட்டை என்றால் அந்தக் கிளட்ச் நேர்சாலையிலும் ஓயாமல் வழுக்கும், எத்தனை நல்ல ஆயிலும் வெந்துபோகும்.

கிரவுனுக்கு 75டபிள்யூ-90 (இது கெட்டித்தன எண்), ஜிஎல்-5 (இது தர எண்), சிந்தெட்டிக். ஜிஎல்-5 கட்டாயம், ஏனென்றால் கிரவுன் பல் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு இழுபடவும் செய்கிறது, அந்த அழுத்தத்தைத் தாங்குகிற கந்தக மருந்து அதில்தான் அதிகம். அதே மருந்து பித்தளையை அரிக்கும், ஆகையால் ஜிஎல்-4 கேட்கிற கைக்கியர் பெட்டியில் இதை ஊற்றாதீர்கள். "பழைய வண்டி, சூடான ஊர், 85டபிள்யூ-140 போட்டால் சத்தம் அடங்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. சத்தம் கொஞ்சம் அடங்கும், உண்மைதான். தேய்மானம் அடங்காது. கெட்டி ஆயில் மெல்லிய இடைவெளிக்குள் போகத் தாமதமாகும், கிரவுனும் கூடுதலாகச் சுடும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிருக்கானது. ராமநாதபுரத்தில் அந்தக் கவலை இல்லை. டொயோட்டா புத்தகங்களில்கூட பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிக்கு மேலே வெறும் 90 போதும் என்றுதான் கிரவுனுக்குப் போட்டிருந்தார்கள். பார்க்கவேண்டியது சூட்டில் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற, பின்னால் இருக்கிற 90-ஐ.

உப்புத் தண்ணீர் புகுந்த பின் கிரவுனுக்கு மட்டும் நான் செலவைப் பார்க்கவில்லை. முதலில் விலை குறைந்த ஜிஎல்-5 ஊற்றி, வண்டியை ஏர்வாடி வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு வடித்தேன். லேசாகக் கலங்கி வந்தது. இன்னொரு முறை. அப்புறம்தான் நல்ல ஆயில்.

கியர் பாக்ஸை மெஷின் வைத்துக் கழுவச் சொல்வார்கள். இரண்டு லட்சம் தாண்டியதில் நான் செய்வதில்லை. பல வருட அழுக்கு மூலையில் படிந்து கிடக்கும். அழுத்தத்தோடு கழுவினால் அது கிளம்பி வால்வுகளில் போய்ச் சிக்கும். "ஆயில் மாற்றினதும் கியர் பாக்ஸ் போச்சு" என்கிற கதைகள் பலவும் இப்படி வந்தவை. மற்றவை, ஏற்கெனவே வழுக்குகிற பெட்டியில் கடைசி முயற்சியாக மாற்றினவை. நான் வடித்து ஊற்றுவேன். ஒரு தடவையில் ஏறக்குறைய பாதிதான் இறங்கும், மீதி பெரும்பாலும், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயிலாலேயே இணைக்கிற டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். 500 கிலோமீட்டர் ஓடவிட்டு மறுபடி, பிறகு இன்னொரு முறை. இந்தப் பெட்டியில் ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. முதல் தடவையிலேயே அதைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

அளவு பார்ப்பதற்கு ஊரின் வெயில் குறுக்கே நிற்கிறது. இந்தப் பெட்டியில் அளவு பார்க்கிற குச்சி கிடையாது. இன்ஜின் ஓட, வண்டி சமமாக நிற்க, ஆயில் சூடு 30-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும்போது பக்கவாட்டுப் போல்ட்டைத் திறந்துதான் பார்க்கவேண்டும். மத்தியானம் ஓட்டி வந்த வண்டியில் ஆயில் 80-ஐத் தாண்டி விரிந்திருக்கும். அப்போது திறந்தால் தேவையான ஆயிலும் சேர்ந்து கொட்டும், நிறைந்திருக்கிறது என்று ஏமாந்து மூடுவோம். அதனால் இந்த வேலையைச் விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்ததும் ஆரம்பிக்கிறேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, ஸ்கேனரில் 31 காட்டும். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு கியரிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி வரவேண்டும். 40 வந்ததும் போல்ட்டைத் திறந்தால், நூல் பிடித்த மாதிரி மெல்லிசாக ஒழுகவேண்டும். ஒழுகவே இல்லை என்றால் இன்னும் ஊற்றவேண்டும். நூல் சொட்டாக மாறுகிற கணத்தில் மூடவேண்டும்.

நம் கரைக்கு என் கணக்கு: கியர் பாக்ஸ் 60,000-க்கு ஒருமுறை, ட்ரான்ஸ்ஃபர் கேஸும் கிரவுன்களும் 50,000-க்கு ஒருமுறை.

மூன்றாவது வடிப்புக்கு அந்த எக்ஸ்5 வந்தபோது வெட்டு இல்லை, உதறலும் இல்லை. பின் கிரவுனின் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றினேன், ஒரே சுற்றில் வந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். தேன் நிறம். உரிமையாளர் என் விரலைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.