போனில் காப்பி–பேஸ்ட்: நம் ரங்கூன் பெரியவர்களுக்கு ஒரு செய்முறை

நம் ஆட்களில் நிறையப் பேர் கம்ப்யூட்டரைத் தொடாமலேயே நேராக ஸ்மார்ட்போனுக்கு வந்தவர்கள். 2014இல் பர்மாவில் 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு கிடைக்க ஆரம்பித்தது. அதற்கு முன் சிம் வாங்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் கியாட் எண்ணி வைக்க வேண்டும். விலை இறங்கியதும் கடைக்காரர், கோயில் பூசாரி, காய்கறி விற்கும் அக்கா என்று எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு யாராவது காப்பி–பேஸ்ட், அதாவது ஓரிடத்து எழுத்தை எடுத்து வேறிடத்தில் ஒட்டுவதை, சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போன் மட்டும் வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

அதனால்தான் வைபர் அரட்டை ஆப்பில் வந்த கோயில் அறிவிப்பை மோல்மினில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்ப ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறோம். சிலர் நோட்டில் எழுதிவைத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது தப்பில்லை. ஆனால் அதில் இருக்கும் போன் நம்பரைத் தொட்டால் கால் போகாது. மாலை 6 மணி என்று இருப்பதை 7 மணி என்று திருத்தவும் முடியாது. காப்பி செய்தால் எழுத்து எழுத்தாகவே போய்ச் சேரும். போகிற இடத்தில் அதைத் திருத்தலாம், பாதியை அழிக்கலாம், நம்பராக இருந்தால் கூப்பிடலாம்.

முதலில் பழகிப் பாருங்கள்

யாருக்கும் தப்பாகப் போய்விடாத இடத்தில் பழகுவது நல்லது. போனில் நோட்ஸ் என்று ஓர் ஆப் இருக்கும். அதைத் திறந்து, "ஆடி வெள்ளி அன்னதானம் மாலை 6 மணிக்கு" என்று அடித்துக்கொள்ளுங்கள். இப்போது "அன்னதானம் மாலை 6 மணிக்கு" என்பதை மட்டும் எடுக்கப் போகிறோம்.

1. "அன்னதானம்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்து அப்படியே வைத்திருங்கள். அழுத்தத் தேவையில்லை, ஒரு விநாடி எடுக்காமல் இருந்தால் போதும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிறம் ஏறும். அதன் இரண்டு பக்கமும் கீழே சொட்டு மாதிரி இரண்டு குமிழ் தோன்றும். ஐபோனில் எழுதும் இடத்தில் விரலை வைத்திருப்பதற்குப் பதில் அந்தச் சொல்லை இரண்டு தடவை வேகமாகத் தட்ட வேண்டும், குமிழும் அங்கே சிறு கோடும் புள்ளியுமாக இருக்கும்.

2. வலப் பக்கக் குமிழைப் பிடித்து, "மணிக்கு" முடியும் இடம் வரை இழுங்கள். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். குமிழைத் தொடாமல் எழுத்தைத் தொட்டுவிடுவார்கள். உடனே நிறம் மறைந்துவிடும். பதற வேண்டாம், மறுபடி முதலிலிருந்து செய்யலாம். விரல் எழுத்தை மறைக்கிறதே என்றால், இழுக்கும்போது விரலுக்கு மேலே அந்த இடத்தைப் பெரிதாக்கி ஒரு சின்னக் கட்டம் காட்டும். விரலைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். கூடுதலாக வந்துவிட்டால் குமிழைப் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும்.

3. எழுத்துக்கு மேலே ஒரு சின்னப் பட்டை வந்திருக்கும். அதில் 'காப்பி'யைத் தொடுங்கள். மெனுவைத் தமிழில் வைத்திருந்தால் 'நகலெடு' என்று இருக்கும். தொட்டதும் பட்டை மறைந்துவிடும், வேறு ஒன்றும் நடந்த மாதிரி தெரியாது. ஆனால் போன் எடுத்து வைத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 13இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் எடுத்ததைக் கீழே இடது மூலையில் ஒரு கணம் காட்டும்.

4. போய்ச் சேர வேண்டிய இடத்தைத் திறந்து, எழுதும் பெட்டிக்குள் ஒரு தடவை தொடுங்கள். கோடு ஒன்று மினுக்கும். அந்தக் கோடு இருக்கும் இடத்தில் விரலை வைத்திருங்கள். 'பேஸ்ட்' அல்லது 'ஒட்டு' என்று வரும். தொடுங்கள். வேலை முடிந்தது.

பட்டையில் 'கட்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் எழுத்து பழைய இடத்திலிருந்து போய்விடும். ஒட்டுவதற்குள் வேறு எதையாவது காப்பி செய்தால் கட் செய்தது திரும்பக் கிடைப்பது கஷ்டம். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன். 'செலக்ட் ஆல்' தொட்டால் முழுவதும் ஒரே அடியாக நிறம் ஏறும். நீளமான செய்திக்கு அது வசதி.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று யாராவது சிரித்தால் சொல்லுங்கள்: 2007இல் ஐபோன் வந்தபோது அதில் காப்பி–பேஸ்டே கிடையாது. 2009இல்தான் சேர்த்தார்கள்.

வைபர், வாட்ஸ்அப், மெசஞ்சர்

அரட்டை ஆப்களில் கொஞ்சம் வேறு மாதிரி. செய்தியின் மேல் விரலை வைத்திருந்தால் சொல்லுக்குச் சொல் நிறம் ஏறாது, செய்தி முழுவதும் ஒரே துண்டாக எடுபடும். வைபரிலும் மெசஞ்சரிலும் உடனே ஒரு மெனு வரும், அதில் காப்பி இருக்கும். வாட்ஸ்அப்பில் மேலே பட்டையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தாள் மாதிரி ஒரு படம் இருக்கும். அது தெரியவில்லை என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு உள்ளே பாருங்கள்.

செய்தியில் ஒரு வரி மட்டும்தான் வேண்டும் என்றால் முழுவதையும் எழுதும் பெட்டியில் ஒட்டி, வேண்டாததை அழித்துவிட்டு அனுப்புங்கள். ஒட்டியதும் அனுப்பும் பொத்தானைத் தட்டிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு மூன்று செய்திகளைச் சேர்த்து எடுத்தால், ஒட்டும்போது அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் சேர்ந்தே வரும். குடும்பத்துக்குள் பேசியது யார் யார் பேசியது என்ற விவரத்தோடு வேறொரு குரூப்பில் போய் விழுந்தால் வம்பு.

ஒரு நேரத்தில் ஒன்றுதான்

புதிதாக ஒன்றைக் காப்பி செய்த நிமிஷம் முன்பு எடுத்தது போய்விடும். முகவரியை எடுத்தோம், அப்புறம் நம்பரை எடுத்தோம், ஒட்டினால் நம்பர் மட்டும்தான் வரும். ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கரண்ட் போய், சார்ஜும் தீர்ந்து போன் அணைந்தாலும் எடுத்து வைத்தது போய்விடும். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

கூகுளின் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கீபோர்டின் மேல் வரிசையில் அட்டை மாதிரி ஒரு கிளிப்போர்டு படம் இருக்கும். அதைத் தொட்டு ஆன் செய்துவிட்டால், எடுத்தவை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஆனால் ஒரு மணி நேரம்தான். அதற்குமேல் வேண்டும் என்றால் அதன் மேல் விரலை வைத்து 'பின்' செய்துவிடுங்கள், அழியாது. நம் பெரியவர்கள் பலர் பர்மிய மொழி சரளமாகப் பேசுவார்கள், எழுதுவதுதான் மெதுவாக வரும். பேரப்பிள்ளையை ஒரு தடவை வீட்டு முகவரியை, தெரு, டவுன்ஷிப் எல்லாம் சேர்த்துப் பர்மிய எழுத்தில் அடித்துத் தரச் சொல்லிப் பின் செய்துவையுங்கள். பார்சல்காரர் கேட்கும்போதெல்லாம் ஒரே தொடுதலில் போய்விடும்.

பாஸ்வேர்டையோ ஓடிபியையோ அங்கே பின் செய்து வைக்காதீர்கள். போனைக் கையில் வாங்குகிறவர் எவரும் பார்க்கலாம்.

பர்மிய எழுத்தை எடுக்கும்போது

பர்மிய மொழியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதுவதில்லை. அதனால் விரலை வைத்தால் எவ்வளவு நிறம் ஏறும் என்று சொல்ல முடியாது. சில நேரம் பாதிச் சொல், சில நேரம் நீள வரி. குமிழ் இரண்டையும் இழுத்துச் சரிசெய்யாமல் காப்பி தொடாதீர்கள்.

அடுத்தது இன்னும் பெரிய தலைவலி. சரியாகத்தான் எடுத்தோம், சரியாகத்தான் ஒட்டினோம். ஆனால் எழுத்தெல்லாம் கலைந்து, கொம்பு ஒரு பக்கம், புள்ளி வட்டம் ஒரு பக்கம் என்று நிற்கிறது. கை தவறவில்லை. போனுக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. போன் காப்பி செய்வது எழுத்தின் உருவத்தை அல்ல, அந்த எண்ணை. பல வருஷம் இந்த ஊரில் ஸாஜி என்ற எழுத்துமுறைதான் ஓடியது. உலகம் முழுக்கப் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடு பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை அது வேறு விதமாக அடுக்கி வைத்திருந்தது. 2019 அக்டோபர் 1 முதல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. ஆனால் பழைய போன்களிலும் பழைய பதிவுகளிலும் ஸாஜி இன்னும் கிடக்கிறது. அனுப்பியவர் போனில் ஒழுங்காகத் தெரிவது உங்கள் போனில் கலைந்து தெரிவதற்கு இதுதான் காரணம். எத்தனை தடவை காப்பி செய்தாலும் மாறாது. ஸாஜியை யூனிகோடாக்கும் கன்வெர்ட்டர்கள் இலவசமாக இருக்கின்றன. கலைந்த எழுத்தை அதில் ஒட்டி, மாற்றி வருவதைக் காப்பி செய்து அனுப்புங்கள்.

தமிழிலும் இதே கூத்து உண்டு. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்பாக வந்தால், பார்க்கத் தமிழ், எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும். மெய்யெழுத்தின் புள்ளிதான் அங்கே அரைப்புள்ளியாக வந்து நிற்கிறது. பாமினி–யூனிகோடு மாற்றி என்று தேடினால் கிடைக்கும், அதில் ஒட்டினால் தமிழாகிவிடும்.

நம்பர்கள்

போன் நம்பரைப் பர்மிய எண்ணில் அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் சைபரும் 'வ' எழுத்தும் பார்க்க ஒரே வட்டம். அவசரத்தில் சைபருக்குப் பதில் 'வ'வைத் தட்டிவிடுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, போனுக்குத் தெரியும், கால் போகாது. அப்படிப்பட்ட நம்பரைக் காப்பி செய்யாமல், பார்த்துச் சாதாரண எண்ணில் நீங்களே அடித்துக்கொள்வது உத்தமம்.

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினருக்கு இந்த ஊர் நம்பரை அனுப்பும்போது 09 என்று தொடங்கினால் அவர்களுக்கு உதவாது. ஒட்டிய பிறகு முன்னால் இருக்கும் சைபரை எடுத்துவிட்டு +95 சேருங்கள், +959 என்று தொடங்க வேண்டும். கேபிஇசட் பே மாதிரியான ஆப்பில் பணம் அனுப்ப நம்பரை ஒட்டினால் நேர்மாறாக, 09 என்று தொடங்குகிறதா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வரும் பெயர் நீங்கள் அனுப்ப நினைத்தவர் பெயர்தானா என்று பார்த்த பிறகே தொகையைப் போடுங்கள்.

படத்தில் இருக்கும் எழுத்து

கோயில் நோட்டீஸ் பெரும்பாலும் படமாகத்தான் வருகிறது. விரலை எவ்வளவு நேரம் வைத்தாலும் அதில் நிறம் ஏறாது. அதற்குக் கூகுள் லென்ஸ். படத்தை கூகுள் போட்டோசில் திறந்து கீழே லென்ஸ் பொத்தானைத் தொடுங்கள். நெட் இருக்க வேண்டும். படத்திலேயே எழுத்தின் மேல் விரலை வைத்து முன்பு செய்த மாதிரியே குமிழை இழுத்துக் காப்பி செய்யலாம். அச்சடித்த தமிழை நன்றாகப் படிக்கிறது. வளைத்து நெளித்து அலங்காரமாகப் போட்ட எழுத்தில் 'ர'வையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கும், கையெழுத்தென்றால் இன்னும் மோசம். அதனால் ஒட்டிய பிறகு உபயதாரர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். உபயதாரர் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் காலையில் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.