எச்.ஓ.ஏ.வோடு தகராறு வரும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சாஸில் டல்லாஸுக்கு வடக்கே, ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி என்று எந்த ஊரில் வீடு வாங்கினாலும் பெரும்பாலும் ஒரு எச்.ஓ.ஏ. கூடவே வரும். வீட்டு உரிமையாளர் சங்கம். சேர விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய நாளிலிருந்து நீங்கள் உறுப்பினர். வீட்டை விற்கும்வரை உறுப்பினர். அமெரிக்கா முழுக்க இப்படி மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன.

நம் குடும்பங்களில் பலர் இதைச் சென்னை அடுக்குமாடிச் சங்கம் மாதிரியே எடுத்துக்கொள்கிறார்கள். செயலாளரோடு நாலு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும், தீராவிட்டால் முகம் கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று. இங்கே சங்கத்தின் கையில் இருக்கும் அதிகாரம் வேறு. அபராதம் போடலாம். பாக்கிக்காக வீட்டின் மேல் லீன், அதாவது கடனுக்கான உரிமைப் பிடிப்பு, பதியலாம். கடைசியில் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். இந்தச் சண்டைகளைப் பல வருடங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது: நியாயம் தங்கள் பக்கம் இருந்தும், தேதியைத் தவறவிட்டதால் தோற்றவர்களே அதிகம். கீழே சொல்பவை டெக்சாஸ் சட்டப்படி. கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, நியூ ஜெர்சியில் விதிகள் வேறு. ஆனால் தவறுகள் ஒன்றுதான்.

கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது

விதிமீறலுக்காகச் சங்கம் அனுப்பும் வயலேஷன் லெட்டரைப் பார்த்திருப்பீர்கள். மேலே லாட் எண், அதாவது மனை எண். நடுவில் உங்கள் வீட்டின் படம், சங்கத்துக்காக நிர்வாக வேலை பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனியின் ஆள் காரில் போகும்போதே எடுத்தது. குப்பைத்தொட்டி தெருவிலிருந்து தெரிகிறது, புல் உயரமாக வளர்ந்துவிட்டது, வேலிப் பலகை ஒன்று பெயர்ந்திருக்கிறது என்று ஒரு வரி. இத்தனை நாளுக்குள் சரிசெய்யவும் என்று இன்னொரு வரி. முதல் கடிதம் சாதாரணத் தபாலில் வரும். விளம்பரக் காகிதங்களோடு கிச்சன் கவுன்டரில் கிடக்கும்.

அடுத்து பதிவுத் தபாலில் வருவதுதான் முக்கியம். டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயப்படி, அபராதம் போடும்முன் சங்கம் இந்த நோட்டீஸை அனுப்பியாக வேண்டும். என்ன மீறல், சரிசெய்ய எவ்வளவு அவகாசம் என்று அதில் இருக்க வேண்டும். சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு முன்னால் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் அது சொல்ல வேண்டும். அந்த விசாரணையை நோட்டீஸ் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் பிரித்த தேதியிலிருந்து அல்ல, அனுப்பிய தேதியிலிருந்து. இதே மாதிரி மீறலுக்கு ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே நோட்டீஸ் வந்திருந்தால் சரிசெய்ய அவகாசம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

ஃபிரிஸ்கோவில் நடந்த ஒரு சம்பவம் அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஈராக்கில் பணியிலிருந்த ஒரு ராணுவ அதிகாரியின் வீடு, சுமார் மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ளது, வங்கிக் கடன்கூட இல்லாதது. ஆயிரம் டாலருக்கும் குறைவான சங்கப் பாக்கிக்காக 2008-இல் ஏலம் போய்விட்டது, அதுவும் சில ஆயிரம் டாலருக்கு. சங்கத்தின் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன; பிரிக்கப்படவில்லை. வழக்குப் போட்டு, 2010-இல் சமரசமாகித்தான் குடும்பத்துக்கு வீடு திரும்பக் கிடைத்தது. 2011-இல் சட்டமன்றம் விதிகளை இறுக்கியது. இப்போது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கம் ஏலம் போட முடியாது. ஏலம் போனாலும், அதுபற்றிய நோட்டீஸ் தபாலில் போடப்பட்டதிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் தபாலைப் படிப்பவருக்குத்தான் உதவும்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறார்கள், அல்லது கோயம்புத்தூருக்கே திரும்பிப் போகிறார்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். சங்கத்தில் முகவரியை மாற்றுவதில்லை. சட்டப்படி, பதிவில் உள்ள கடைசி முகவரிக்கு அனுப்பினால் போதும். கடிதம் வாடகைக்காரர் கைக்குப் போகும். அவருக்கு அது யாருக்கோ வந்த தபால். வீட்டை விட்டுக் கிளம்பும் வாரமே மேனேஜ்மென்ட் கம்பெனிக்குப் புது முகவரியை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குப் பதில் வாங்குங்கள். அது எந்தக் கம்பெனி என்றே தெரியாவிட்டால், மாநிலத்தின் ரியல் எஸ்டேட் கமிஷன் நடத்தும் இணையப் பதிவேட்டில் சங்கத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம்.

கோபத்தில் ட்யூஸ் (சங்கக் கட்டணம்) கட்டாமல் நிறுத்துவது

இதைத்தான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். "நீச்சல் குளம் ஆறு மாதமாக மூடிக் கிடக்கிறது, நான் ஏன் கட்ட வேண்டும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கட்டுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். டெக்சாஸில் வெறும் அபராதத்துக்காகவோ, அந்த அபராதத்தை ஒட்டிய வக்கீல் செலவுக்காகவோ வீட்டை ஏலம் போட முடியாது. மாத, வருடக் கட்டணம் பாக்கி இருந்தால்தான் அந்த வழி திறக்கும். ட்யூஸை நிறுத்துபவர் பூட்டியிருந்த கதவின் சாவியைத் தானே எடுத்துக் கொடுக்கிறார். நீங்கள் கட்டும் பணத்தைச் சங்கம் எந்த வரிசையில் வரவு வைக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: முதலில் பழைய கட்டணப் பாக்கி, பிறகு நடப்புக் கட்டணம், அதன் பின் வக்கீல் செலவு, அபராதம் அதற்கும் பின்னால்தான். ஆக, அபராதத்தை எதிர்த்துக்கொண்டே கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவரலாம். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. அபராதம் தப்பு என்பதால் மொத்த பில்லையும் நிறுத்திவிடுகிறார்கள்.

கையில் பணமில்லை என்றால் அது வேறு விஷயம். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் தவணைத் திட்டம் வைத்திருந்தாக வேண்டும். குறைந்தது மூன்று மாதம் அவகாசம் கிடைக்கும். வெட்கப்படாமல் எழுதிக் கேளுங்கள். வாங்கிய தவணையைத் தவறவிடாதீர்கள், தவறினால் மறுபடி கேட்பது கஷ்டம். கலெக்‌ஷன் ஏஜென்சிக்கோ வக்கீலுக்கோ ஃபைல் போவதற்கு முன்னால் 45 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வரும். அந்த 45 நாளுக்குள் முடித்துக்கொண்டால் வக்கீல் செலவு உங்கள் தலையில் ஏறாது. 300 டாலர் பாக்கி 3,000 டாலராக ஊதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அனுமதி வாங்காமல் வேலையை ஆரம்பிப்பது

வேலிக்குச் சாயம், பேக்யார்டில் பெர்கோலா என்ற மரப்பந்தல், கான்கிரீட் தளம், மரம் வெட்டுவது, கூரை மாற்றுவது. "என் வீடு, என் பணம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வீடு வாங்கியபோது அந்த மனைக்கென்று கவுன்டி அலுவலகத்தில் பதிந்திருக்கும் கட்டுப்பாடுகளையும் சேர்த்தே வாங்கினீர்கள். சாயத்தின் நிறப்பெயர் வரைக்கும் அதிலோ அதை ஒட்டிய வழிகாட்டியிலோ இருக்கும்.

பில்டரின் விற்பனையாளர் "பரவாயில்லை, எல்லாரும் செய்கிறார்கள்" என்று சொல்லியிருப்பார். போர்டில் இருக்கும் தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தியிருப்பார். இரண்டும் அனுமதி ஆகாது. விண்ணப்பம், வரைபடம், பொருளின் விவரம், எழுத்தில் வந்த ஒப்புதல், இந்த நான்கும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போதும் கேட்பார்கள். மறுத்தால் அதையும் எழுத்தில்தான் தர வேண்டும்: ஏன் மறுக்கிறார்கள், எதை மாற்றினால் ஏற்பார்கள் என்று விளக்கமாக. அதை எதிர்த்தும் 30 நாளுக்குள் போர்டு முன் விசாரணை கேட்கலாம். 40 மனைகளுக்கு மேல் உள்ள சங்கத்தில், சங்கம் பில்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும் காலம் முடிந்த பிறகு, போர்டு உறுப்பினரோ அவரது கணவன் மனைவியோ இந்த விண்ணப்பங்களை முடிவு செய்யும் ஒப்புதல் குழுவில் இருக்கக் கூடாது. மறுத்தவரே மேல்முறையீட்டையும் கேட்கும் நிலை வராமலிருக்க 2021-இல் வந்த மாற்றம் இது.

சங்க விதிக்கு மேலே சட்டம் இருப்பதை மறப்பது

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சங்கம் சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது. வாசல் நிலையில் மாவிலைத் தோரணமும் பிள்ளையார் படமும் மாட்டியதற்குக் கடிதம் வந்ததும் பயந்துபோய் அகற்றியவர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸில் 2011-இலேயே வாசற்கதவில் மதச் சின்னம் வைக்கும் உரிமை சட்டமானது. அப்போது 25 சதுர அங்குலம் என்ற சின்ன அளவுதான். 2021-இல் அந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கி, கதவோடு நிற்காமல் வீட்டுக்கும் மனைக்கும் உரிமை விரிந்தது. சங்கம் பராமரிக்கும் பொது இடத்துக்கு அது பொருந்தாது, ஆபத்தானதோ ஆபாசமானதோ என்றால் தடுக்கலாம். மற்றபடி தோரணம் உங்கள் உரிமை, பயப்படாதீர்கள்.

சோலார் பேனலும் அப்படித்தான். இடம், சாய்வு பற்றி விதி வைக்கலாம், ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வது கடினம். மழைநீர்ப் பீப்பாய், குறைந்த தண்ணீரில் வளரும் செடிகள், பாதுகாப்புக் கேமரா எல்லாவற்றுக்கும் மாநிலச் சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு மீட்டருக்குள் உள்ள டிஷ் ஆன்டெனாவுக்கு 1996 முதல் மத்திய அரசின் விதியே துணை. கடிதத்துக்குப் பதில் எழுதும்போது பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். மேனேஜரின் குரல் அப்புறம் மாறுவதைப் பார்க்கலாம்.

"அவன் வீட்டை மட்டும் ஏன் விட்டீர்கள்?"

போனில் இப்படிக் கத்துவதால் எதுவும் நகராது. எடுத்தவர் ஐந்து குடியிருப்புகளுக்குச் சேர்த்து வேலை பார்க்கும் மேனேஜர். பாதிப் பிரச்சினையில் முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கே கிடையாது. தவிர, சங்கம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்துவது நியாயமானது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். மனம்போன போக்கில், பாகுபாடாக நடந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதற்குத் தேதியிட்ட படங்கள் வேண்டும், அதே மீறலுள்ள மற்ற வீடுகளின் பட்டியல் வேண்டும். சங்கத்தின் கணக்குகளையும் கூட்டக் குறிப்புகளையும் பதிவுத் தபாலில் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் தர வேண்டும், அல்லது எப்போது தருவோம் என்று பதிலாவது சொல்ல வேண்டும். இனம், மதம், பிறந்த நாடு காரணமாகத்தான் உங்களைக் குறிவைக்கிறார்கள் என்று படங்களும் பதிவுகளும் காட்டினால் 1968-ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையில் புகார் கொடுக்க வேண்டும்.

விசாரணைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சங்கம் காட்டப்போகும் படங்களும் ஆவணங்களும் பத்து நாளுக்கு முன்பே உங்களுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையா, 15 நாள் ஒத்திவைப்பு உங்கள் உரிமை. பேசுவதை ஒலிப்பதிவு செய்யலாம். அபராதப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜனவரியிலிருந்து எந்த மீறலுக்கு எவ்வளவு என்று எழுதிய கொள்கை ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும். மீறலைச் சரிசெய்துவிட்டு, அதன் படத்தோடு, அமைதியாக "இதைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது.

அதற்கும் மேலே போகலாமா? 209-ஆம் அத்தியாயத்தைச் சங்கமே மீறினால் சிறு வழக்குகளைக் கேட்கும் உள்ளூர் ஜே.பி. கோர்ட்டில் நீங்களே வழக்குப் போடலாம். ஆனால் பெரிய வழக்கில் இறங்கும் முன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கட்டுப்பாட்டை மீறியது நீங்கள்தான் என்று தீர்ப்பானால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் உங்கள் மேல் விழும், நாளொன்றுக்கு 200 டாலர் வரை இழப்பீடும் விதிக்கப்படலாம்.

கட்டண உயர்வு என்றாலே எதிர்ப்பது

மியாமி பக்கம் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அதிகாலை ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் பழுதைப் பற்றிய பொறியாளர் அறிக்கை 2018-லேயே கைக்கு வந்திருந்தது. ஒன்றரைக் கோடி டாலர் செலவை உரிமையாளர்கள் ஏற்பதற்குள் வருடக்கணக்கில் வாக்குவாதம் ஓடியது. கடைசியில் ஒப்புக்கொண்டது இடிவதற்கு இரண்டு மாதம் முன்பு. பழுது பார்த்திருந்தால் தப்பித்திருக்குமா என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "போன வருடத்தைவிட ஒரு பைசா கூடாது" என்று கூட்டத்தில் கைதட்டு வாங்குவது சுலபம் என்பதும், கூரையும் தூணும் அந்தக் கைதட்டுக்காகக் காத்திருக்காது என்பதும் நிஜம். உயர்வு வந்தால் ரிசர்வ் ஸ்டடி (வருங்காலப் பெரிய பழுதுகளுக்கு எவ்வளவு சேமிக்க வேண்டும் என்ற ஆய்வு) எங்கே, சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு எத்தனை விலைப்புள்ளி வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.

கேட்க, கூட்டத்துக்குப் போக வேண்டும். டெக்சாஸில் வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்பும், அவசரமாகக் கூட்டும் சிறப்புக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும் அறிவிப்பு வர வேண்டும். உறுப்பினர் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். புதுக் குடியிருப்பு என்றால், 75 சதவீத மனைகள் விற்றதிலிருந்து 120 நாளுக்குள் போர்டில் மூன்றில் ஒரு பங்கையாவது உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பல இடங்களில் அந்த நாற்காலிகளுக்கு ஆளே நிற்பதில்லை. தீபாவளிக்கு இருநூறு பேரைக் கிளப்ஹவுஸில் கூட்டத் தெரிந்த நம் ஆட்களில் இரண்டு பேர் அந்தத் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தால், அடுத்த வருட பட்ஜெட் பேசப்படும் மேஜையில் நம் குரலும் இருக்கும்.