காரைக்குடியிலிருந்து ஜெர்மனிக்கு எங்கள் மணி

ஜெர்மனியில் வேலை உறுதியானதும், "நாயை யார்கிட்டயாவது விட்டுட்டுப் போப்பா" என்றார் அப்பத்தா. மணியை விட்டுப் போக மனசு வரவில்லை.

காகித வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப், அப்புறம்தான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் எடுக்காது. மணிக்கு மறுபடியும் போட்டோம். குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசியால் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வாவது (சர்வதேச அலகு) இருக்கணும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. விசா வரட்டும், பார்த்துக்கலாம் என்பதெல்லாம் சரிப்படாது.

பெரிய தலைவலி கூண்டுதான். நாய் உள்ளே நிற்க, திரும்ப, படுக்க இடம் வேண்டும் என்பது விமான விதி. அளவெடுத்து வாங்கினேன், இவன் கிட்டவே வரவில்லை. மேல்பாதியைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வைத்து அதிலேயே சோறு போட்டேன். தின்றுவிட்டு ஓடிவிடுவான். பின்கட்டில் மிச்சம் கிடந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றை உள்ளே போட்டேன். வெயிலுக்குக் குளிர்ந்த தரையே கதி என்று கிடப்பவன். தானாகவே போய்ப் படுத்தான்! அப்புறம் மேல்பாதி, கடைசியில் கதவு. பயணத்துக்குக் கல்லை எடுத்துவிட்டு என் பழைய கைலியை விரித்தேன். மயக்க மருந்து மட்டும் வேண்டாம். பல விமான நிறுவனங்கள் ஏற்றாது.

ஏற்றுமதிச் சான்று சென்னையில், மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வாங்கினோம். காரைக்குடியிலிருந்து காரிலேயே போனோம், வழியெல்லாம் இவன் தூக்கம்.